சம்பளப் பட்டியலில் ஏறாத மலை

கேரள ஆட்சிப் பணி எனப்படும் கே.ஏ.எஸ். அலுவலர்களின் தொடக்க அடிப்படை ஊதியத்தை 81,800 ரூபாய் என 2021 நவம்பர் 24 அன்று கேரள அமைச்சரவை நிர்ணயித்தது. முதல் அணியில் தேர்வு பெற்றவர்கள் 105 பேர். பயிற்சிக் காலத்திலும் அதே தொகை தொகுப்பூதியமாக வழங்கப்படும் என்றும் முடிவாயிற்று. அதைத் தொடர்ந்து ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., இந்திய வனப்பணி ஆகிய மூன்று பணிகளின் சங்கங்களும் முதலமைச்சரிடம் எதிர்ப்பைத் தெரிவித்தன. அகில இந்தியப் பணியில் சேரும் ஒருவரின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். அவருக்குக் கீழே பணிபுரிய வேண்டியவருக்கு அதைவிட 25,700 ரூபாய் கூடுதல் என்றால், மேல் கீழ் என்ற நிர்வாக ஒழுங்கு என்னாவது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். மாநிலம் தன் சொந்தப் பணிக்குத் திறமையானவர்களை ஈர்க்க விரும்புவதில் தவறென்ன என்பது மறுதரப்பின் பதில்.

அந்த விவாதம் இன்று ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளை 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஏற்றது. அறிக்கை அளிக்க அக்குழுவுக்கு வழங்கப்பட்ட காலம் 18 மாதங்கள். யாருக்கு எவ்வளவு, யார் யாருக்கு நிகர் என்ற கேள்விகளோடு ஒவ்வொரு பணியும் குழுவின் கதவைத் தட்டும். கே.ஏ.எஸ். சர்ச்சையில் இரு தரப்பும் கேட்கத் தவறிய ஒரு கேள்வியை இப்போதாவது கேட்டாக வேண்டும்.

என் வாதம் இதுதான்: உயர் அலுவலர்களின் ஊதியத்தை நாம் பணியின் கனத்தைக் கொண்டு நிர்ணயிப்பதில்லை, பக்கத்து நாற்காலியைப் பார்த்து நிர்ணயிக்கிறோம். அதனால், மக்களுக்கு மிக அருகில் இருக்கும் கடினமான பதவிகள் எப்போதும் ஏணியின் அடிப்படிகளாகவே இருந்துவிடுகின்றன. திறமையுள்ள ஒருவர் அவற்றை விட்டு எவ்வளவு விரைவில் வெளியேறுகிறாரோ அவ்வளவு உயர்ந்தவராகக் கருதப்படுகிறார். இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில் உள்ள ஏலப்பாறையை மையமாகக் கொண்டு ஆய்வு செய்துவரும் எனக்கு, இந்த ஏணியைக் கீழிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. கீழிருந்து பார்க்கும்போது அது வேறு வடிவத்தில் தெரிகிறது.

முதலில் கணக்கு.

81,800 என்பதையும் 56,100 என்பதையும் அப்படியே அருகருகே வைப்பது சரியான ஒப்பீடு அன்று. மத்திய அரசின் ஊதிய அமைப்பு 2016 ஜனவரியை அடிப்படையாகக் கொண்டது. கேரளத்தின் பதினோராவது ஊதியத் திருத்தம் 2019 ஜூலை வரையிலான அகவிலைப்படியை அடிப்படை ஊதியத்தோடு இணைத்துக்கொண்டது. ஆகவே 2021 இறுதியில் மத்திய அகவிலைப்படி 31 சதவீதமாக இருந்தபோது கேரளத்தின் அகவிலைப்படி 7 சதவீதம் மட்டுமே. படியைச் சேர்த்துப் பார்த்தால் ஒருபுறம் 73,491 ரூபாய், மறுபுறம் 87,526 ரூபாய். 25,700 ரூபாய் எனப் பேசப்பட்ட இடைவெளி 14,035 ரூபாயாகச் சுருங்குகிறது. அகில இந்தியப் பணியினருக்குக் காலப்போக்கில் கிடைக்கும் விரைவான உயர்வுகளையும் கணக்கில் கொண்டால், ஒரு முழுப் பணிக்காலத்தில் யார் முந்துவார் என்பதில் ஐயமே இல்லை.

இந்தக் கணக்கு இரு தரப்பினருக்கும் தெரியாததன்று. ஊதிய விதிகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் எவர்? அப்படியிருந்தும் சர்ச்சை எழுந்தது; ஏனெனில் அடிப்படை ஊதியம் என்பது பணம் மட்டுமன்று, அது வரிசை எண்ணும் ஆகும். 9 ஆண்டுகள் பணி முடித்த ஐ.ஏ.எஸ். அலுவலர் ஒருவர் எட்டும் ஊதிய நிலை 12இன் தொடக்கம் 78,800 ரூபாய். நேற்றுச் சேர்ந்தவரின் எண் அதைவிட 3,000 கூடுதல் என்பதுதான் உறுத்தியது. மற்றொரு புறம், கே.ஏ.எஸ். உருவானபோது எழுந்த எதிர்ப்பும் இதே வகையானதுதான். அரசுத் துறைகளின் இரண்டாம் நிலை கெசட்டட் பதவிகளில் 10 சதவீதத்தை இந்தப் புதிய பணிக்கு ஒதுக்கியபோது, தங்கள் பதவி உயர்வின் படி ஒன்று பறிபோகிறது என்று பணியாளர் அமைப்புகள் போராடின. மேலே இருந்தவர்களுக்குத் தங்கள் படியை ஒருவர் எட்டிவிடுவாரோ என்ற கவலை. கீழே இருந்தவர்களுக்குத் தங்கள் படியில் ஒருவர் வந்து அமர்ந்துவிடுவாரோ என்ற கவலை. இந்த 105 பேர் எங்கே சென்று என்ன செய்யப் போகிறார்கள் என்பது எந்தத் தரப்பின் கோரிக்கையிலும் மையமாக இருக்கவில்லை.

இது கேரளத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஏழாவது ஊதியக் குழுவின் அறிக்கையைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரும்பாலான பரிந்துரைகளில் ஒருமித்து நின்ற குழு, உயர் பணிகளுக்கிடையிலான உறவு என்று வந்ததும் பிளவுபட்டது. ஐ.ஏ.எஸ்., இந்திய வெளியுறவுப் பணி ஆகியவற்றுக்கு இருக்கும் கூடுதல் ஊதிய உயர்வுச் சலுகையைக் காவல் பணிக்கும் வனப்பணிக்கும் நீட்டிக்கலாம் என்று தலைவர் ஏ.கே.மாத்தூரும் உறுப்பினர் ரதின் ராயும் கருதினர். மற்றோர் உறுப்பினரான விவேக் ராய் அதை ஏற்கவில்லை. பதவி மாறாமலே ஊதிய நிலை மட்டும் உயரும் ஏற்பாடு ஒன்று ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்தது. ஓர் ஐ.ஏ.எஸ். அணி மத்திய அரசில் ஒரு நிலையை அடைந்து 2 ஆண்டுகள் கழிந்தால், அதே நிலையின் ஊதியம் பிற முதல்நிலைப் பணிகளின் அலுவலர்களுக்கும் கிடைக்கும். இதைத் தொடரலாம் என்றார் தலைவர். உயர் நிலைகளில் ஒழிக்கலாம் என்றனர் மற்ற இருவரும். மூன்று பேர் கொண்ட குழு, ஒரே பொருளில் இத்தனை விதமாகப் பிரிந்து நின்றது வரிசை என்ற பிரச்சினையில்தான்.

இந்தப் பக்கவாட்டுப் பார்வையின் விளைவை எண்களில் காணலாம். மத்திய அரசில் கடைநிலைப் பணியாளரின் தொடக்க ஊதியத்துக்கும் துறைச் செயலாளரின் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 1986இல் 750 ரூபாய்க்கு 8,000 ரூபாய், ஏறத்தாழ 10.7 மடங்கு. நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது குழுவுக்குப் பின், 1996இல், 2,550 ரூபாய்க்கு 26,000 ரூபாய், 10.2 மடங்கு. 2006இல் 7,000 ரூபாய்க்கு 80,000 ரூபாய், 11.4 மடங்கு. 2016இல் 18,000 ரூபாய்க்கு 2,25,000 ரூபாய்; 12.5 மடங்கு. அமைச்சரவைச் செயலாளரின் 2,50,000 ரூபாயை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 13.9 மடங்கு. 1996இல் சற்றுக் குறைந்த இடைவெளி அதன்பின் இரண்டு திருத்தங்களிலும் விரிந்திருக்கிறது. கேரளம் இதில் மேலான நிலையில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2014 திருத்தத்தில் 16,500 முதல் 1,20,000 வரை. 2019 திருத்தத்தில் 23,000 முதல் 1,66,800 வரை. இரண்டிலும் இடைவெளி ஏறத்தாழ 7.3 மடங்குதான்.

ஆனால் இந்த விகிதங்கள் எல்லாம் அரசு ஊதியப் பட்டியலுக்குள் இருப்பவர்களைப் பற்றியவை. பட்டியலுக்கு வெளியே இருந்து, அந்தப் பட்டியலில் இருப்பவர்களின் செயலையும் செயலின்மையையும் நம்பி வாழ்பவர்களைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஏலப்பாறை அத்தகைய ஊர்.

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏலக்காய்க் காடுகளுக்கும் நடுவே அமைந்த ஊர் இது. இப்பகுதித் தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்களில் கணிசமானவை தமிழ்க் குடும்பங்கள். தோட்டத்தில் வாழ்பவர்களுக்குப் படிநிலை என்பது பாடநூல் கருத்தன்று. பங்களா மேட்டில் இருக்கும். லயம் பள்ளத்தில் இருக்கும். இடையில் கண்டக்டர், கணக்கப்பிள்ளை, சூப்பர்வைசர் குடியிருப்புகள். பழைய கங்காணி முறையில், ஒரு கங்காணிக்கு அவன்கீழ் அன்று வேலைக்கு இறங்கிய ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டு 'தலைக்காசு' கிடைத்தது. கீழே எத்தனை தலைகள் என்பதே மேலே இருப்பவனின் வருமானம். கங்காணி முறை ஒழிந்துவிட்டது. ஆனால் ஒரு பதவியின் மதிப்பை அதன்கீழ் உள்ள தலைகளைக் கொண்டு அளக்கும் பழக்கம் அரசு அலுவலகங்களில் இன்றும் நீடிக்கிறது. எத்தனை பிரிவுகள், எத்தனை கோப்புகள், எத்தனை பணியாளர்கள் என்று கேட்கும் ஊதியக் குழுக்கள், அந்தப் பதவியை நம்பி எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்பதில்லை.

ஏலப்பாறையில் ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொடும் அரசு எது? கிராம பஞ்சாயத்து, வில்லேஜ் ஆபீஸ், பீர்மேடு தாசில்தார், தோட்ட ஆய்வாளர். இவர்களில் கடைசியாகச் சொன்னவரைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமை ஆக்கியது. அந்தக் கடமை நிறைவேறுகிறதா என்று நேரில் வந்து பார்க்க வேண்டியவராகச் சட்டம் குறித்தது ஆய்வாளரை. லயத்தின் கூரை ஒழுகுகிறதா, சுவர் நிற்குமா, பின்புறச் சரிவு பாதுகாப்பானதா என்பவை அவர் பார்வைக்கு வர வேண்டியவை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். மழையை எந்த ஆய்வாளராலும் தடுக்க இயலாது. ஆனால் மலைச்சரிவில் குடும்பங்கள் எங்கே வாழ்கின்றன என்பது ஓர் அரசு மேசையில் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டிய கேள்வி. அந்த மேசையில் அமர்பவரின் நிலை, ஊதிய விவாதங்களில் எவரும் பேசாத நிலை. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவருடைய பெயரை 'ஆய்வாளர் மற்றும் வசதியாளர்' என்று மாற்றியது. பெயர் நீண்டிருக்கிறது, அதிகாரம் நீண்டதாகத் தெரியவில்லை.

பீர்மேடு டீ கம்பெனியின் சீந்தலார், லோன்ட்ரீ தோட்டங்கள் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டன. வேலை நின்றது, ஊதியப் பாக்கியும் பணிக்கொடையும் நின்றன. தொழிலாளர்கள் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள், ஏனெனில் போவதற்கு வேறிடம் இல்லை. 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம், இத்தகைய தோட்டங்களை விசாரிக்கவும் தேவையானால் நிர்வாகத்தை ஏற்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. அதிகாரம் சட்டத்தில் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து முன்னெடுக்கும் அளவுக்கு உயரமான எந்தப் பதவியும் மலையில் இருக்கவில்லை. கீழே இருந்த அலுவலர் அறிக்கை எழுதலாம். அந்த அறிக்கை ஏற வேண்டிய படிகள் கோட்டயத்திலும் திருவனந்தபுரத்திலும் கொல்கத்தாவிலும் புதுதில்லியிலும் இருந்தன.

தொலைவு என்பது இங்கே உருவகம் அன்று. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று உருவாயிற்று. ஆனால் அதன் தலைமையகம் 1976 வரை கோட்டயத்தில்தான் இயங்கியது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தைச் செயற்படுத்தும் தலைமை ஆய்வாளரின் அலுவலகம் இன்றும் கோட்டயத்தில்தான் இருக்கிறது. மலைக்கு மாற்றல் என்றால் 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லும் பழக்கம் தமிழ் அலுவலக மொழியில் உண்டு. இடுக்கியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அங்கே மாற்றல் என்றால் அது தண்டனை என்றே மலையாள அலுவலக உலகமும் புரிந்துகொள்கிறது.

பீர்மேட்டுக்கு வடக்கே தேவிகுளம். நில ஆக்கிரமிப்பு, பட்டா, ஏலமலைக் காடுகளின் சட்டநிலை எனக் கேரளத்தின் மிகச் சிக்கலான நிலப் பிரச்சினைகள் குவிந்த இடம் அது. அங்கே அரசின் முகம் சப் கலெக்டர். ஐ.ஏ.எஸ். ஏணியில் அது தொடக்கப் படி. ஊதிய நிலை 10 அல்லது 11. அதாவது 56,100 ரூபாயில் அல்லது 67,700 ரூபாயில் தொடங்கும் நிலை. 2017 ஜூலைக்கும் 2019 செப்டம்பருக்கும் இடையில் ஸ்ரீராம் வெங்கிட்டராமன், வி.ஆர்.பிரேம்குமார், ரேணு ராஜ் என மூவர் அந்தப் பதவியிலிருந்து அடுத்தடுத்து மாற்றப்பட்டனர். முதலாமவருக்குக் கிடைத்தது பதவி உயர்வு: வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இயக்குநர். ஆக்கிரமிப்பு அகற்றலில் முனைந்து நின்ற ஒருவரை மலையிலிருந்து இறக்குவதற்கு உயர்வே வழியாகிறது. அந்தந்த மாற்றத்தின் நியாயத்தை இங்கு நான் ஆராயவில்லை. நாட்டின் கடினமான பதவிகளில் ஒன்று, பணி வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் கடந்துபோக வேண்டிய படியாக வைக்கப்பட்டிருக்கும் வரை, அங்கிருந்து ஒருவரை விலக்குவது எப்போதும் எளிது. ஏனெனில் எந்தத் திசையில் நகர்த்தினாலும் அது உயர்வாகவே தோன்றும். மாறாக, மாநிலத் தலைநகரங்களில் கூடுதல் தலைமைச் செயலாளர் என்ற பதவிகள் உள்ளன. தலைமைச் செயலாளருக்கு உரிய அதே 2,25,000 ரூபாய் நிலை. உச்சியில் புதிய படிகளை உருவாக்குவதில் நாம் காட்டும் தாராளம் அடிவாரத்தில் இல்லை.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கே.மோகன்தாஸ் தலைமையிலான கேரளத்தின் பதினோராவது ஊதியத் திருத்தக் குழு 2021 ஜனவரி 29 அன்று அறிக்கை அளித்தது. பிப்ரவரி 10 அன்று அரசாணை வந்தது. இடையில் 12 நாள்கள். நடைமுறைக்கு வந்த நாள் 2019 ஜூலை 1 என முன்தேதியிடப்பட்டது. இது அரசின் திறனுக்குச் சான்று. குறை சொல்ல எதுவுமில்லை. இதே மாநிலத்தில் தோட்டத் தொழிலாளரின் கூலி, தோட்டத் தொழிலாளர் குழு என்ற முத்தரப்புக் குழுவில் பேசி முடிவாகிறது. 2014 டிசம்பரில் காலாவதியான கூலி ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியது வந்தது 2015 அக்டோபரில்; அதுவும் மூணாறில் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்த பிறகு. அவர்கள் கேட்டது நாளொன்றுக்கு 500 ரூபாய்; தேயிலைத் தொழிலாளர்க்குக் கிடைத்தது 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய். ஒரே அரசு, ஒரே நிதித்துறை, ஒரே தலைமைச் செயலகம். வேறுபாடு யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

இன்னொரு தகுதியும் ஊதிய விவாதத்தில் காணாமற் போயிற்று: மொழி. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை அது ஏற்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. ஒரு தொழிலாளி தமிழில் எழுதிய மனுவைத் தமிழிலேயே படிக்கக்கூடிய அலுவலர் மேசையில் இருந்தால்தான் அது உயிர் பெறும். தேர்வில் கேட்கப்படாத, ஊதியத்தில் கணக்கிடப்படாத, பதவி உயர்வில் பயன்படாத ஒரு திறனை அலுவலர் ஏன் வளர்த்துக்கொள்ள வேண்டும்? பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களில் தமிழ் அறிவு என்பது அலங்காரம் அன்று, அது பணிக்கருவி. கருவிக்கு விலை வைக்காத பட்டியல், பணிக்கும் விலை வைக்கவில்லை என்றே பொருள்.

இங்கே எழக்கூடிய எதிர்வாதங்களை நேர்மையாக எதிர்கொள்வோம்.

முதலாவது, உயர் அலுவலர்களின் ஊதியத்தைக் குறைக்கச் சொல்கிறாயா என்பது. நம் தேசிய இயக்கத்தில் அத்தகைய மரபு ஒன்று இருந்தது. 1930 மார்ச்சில் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில், வைஸ்ராயின் மாத ஊதியமான 21,000 ரூபாயை, ஏறத்தாழ நாளொன்றுக்கு 2 அணா என்ற இந்தியரின் சராசரி வருமானத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார் காந்தி. 5,000 மடங்குக்கும் மேல் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ், அரசு ஊழியர் எவருக்கும் பொதுவாக 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் கூடாது என்று தீர்மானித்தது. அந்த ஒப்பீட்டின் திசை எனக்கு முக்கியமானது: அவர்கள் கீழ்நோக்கிப் பார்த்து அளந்தார்கள். உச்சவரம்பை இன்று மீட்டெடுக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. நல்ல ஊதியம் நேர்மைக்கும் திறமைக்கும் துணை என்பதை ஏற்கிறேன். 81,800 ரூபாய் அதிகம் என்பது என் வாதம் அன்று. அது எதற்காக என்பதே கேள்வி.

இரண்டாவது, இடத்தைப் பொறுத்து ஊதியமும் நிலையும் மாறினால் பணி அமைப்பே குலையும் என்பது. இடம் சார்ந்த ஊதியம் நமக்குப் புதிதன்று. கேரளத்திலேயே மலைப்பகுதிப் படி உண்டு; அடிப்படை ஊதியத்தோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. வடகிழக்கு மாநிலங்களில் பணியாற்றும் அகில இந்தியப் பணியினருக்கு அடிப்படை ஊதியத்தின் 25 சதவீதம் வரை சிறப்புப் படி 2009 முதல் வழங்கப்பட்டு, 2022இல் நிறுத்தப்பட்டது. பணி அமைப்பு அதனால் குலைந்துவிடவில்லை. ஆனால் அந்த அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது: படியாகக் கொடுப்பதை ஓர் ஆணையால் எடுத்துவிடலாம். ஆகவே படியைவிடப் பதவியின் நிலையே முக்கியம்.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது. மலைக்கு உயர் பதவி கொடுத்தால் நிர்வாகம் சிறக்கும் என்பதற்கு என்ன உறுதி? உறுதி இல்லை. பீர்மேட்டின் வரலாறே அதற்கு எச்சரிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலமலைகளுக்கெனத் தனிக் கண்காணிப்பாளர் பதவியை வைத்திருந்தது. அப்பதவியை வகித்த ஜே.டி.மன்றோ, 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைத் தாமே குத்தகைக்குப் பெற்றார். மலைக்கு உயர்ந்த பதவி இருந்தது. அதில் இருந்தவர் மலையின் உரிமைதாரராகவும் ஆனார். எனவே நிலை மட்டும் போதாது. நிலையோடு பொறுப்புக்கூறலும் உறுதியான பதவிக்காலமும் சேர வேண்டும்.

இவற்றின் அடிப்படையில் நான் முன்வைப்பவை நான்கு.

ஒன்று, பதவிகளின் நிலையை அணி மூப்பைக் கொண்டு மட்டும் தீர்மானிக்காமல், அந்தப் பதவி சுமக்கும் பணியைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். தேவிகுளம் சப் கலெக்டர், பீர்மேடு தாசில்தார், தோட்ட ஆய்வாளர் போன்ற பதவிகளைத் தனியாக அடையாளங்கண்டு உயர்த்தலாம். தொடக்கநிலை அலுவலரின் பயிற்சிக் களமாக அல்லாமல், அனுபவமுள்ளவர் விரும்பி வந்து அமரும் இடமாக அவை மாற வேண்டும். கே.ஏ.எஸ். பணிக்கு இதைவிடப் பொருத்தமான களம் இல்லை. 81,800 ரூபாயின் நியாயத்தை அங்கே நிறுவட்டும்.

இரண்டு, பதவிக்காலம். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று வழங்கிய தீர்ப்பு, அலுவலர்களுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலத்தை உறுதிசெய்யவும் குடிமைப் பணி வாரியங்களை அமைக்கவும் பணித்தது. அந்தப் பாதுகாப்பு ஆய்வாளர் வரை இறங்க வேண்டும். பதவி உயர்வு என்ற பெயரில் இடையில் விலக்கப்பட்டால், அதே இடத்தில் இருந்தபடியே உயர்ந்த ஊதியத்தைப் பெறும் தெரிவு அலுவலருக்கு இருக்க வேண்டும். பதவி மாறாமலே ஊதியம் உயரும் ஏற்பாட்டை உயர் பணிகளுக்கு ஏற்கெனவே வகுத்தவர்களுக்கு இது கடினமன்று.

மூன்று, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அம்மொழியறிவை ஊதியத்திலும் பதவி உயர்விலும் மதிப்பிடத்தக்க தகுதியாக்க வேண்டும்.

நான்கு, எந்த ஊதியக் குழுவும் தன் அறிக்கையில் ஓர் அட்டவணையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு துறையின் உயர் பதவிக்கு எதிரே, அந்தத் துறையால் நேரடியாக ஆளப்படும் மக்களின் வருமானம். தொழிலாளர் துறைச் செயலாளரின் ஊதியத்துக்கு அருகில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி அச்சாகட்டும். அதனால் எவருடைய ஊதியமும் குறையாது. ஆனால் ஒப்பீட்டின் திசை ஒருமுறையேனும் கீழே திரும்பும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊதியக் குழு அறிக்கைகளைப் பொருளியலார் படிக்கிறார்கள். அதிகாரப் படிநிலையை அரசியல் அறிவியலார் படிக்கிறார்கள். தோட்டங்களைச் சமூகவியலாரும் மானிடவியலாரும் படிக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே கேள்வியாக்கிப் படிப்பவர்கள் குறைவு. ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 30 ஆண்டுகளில் அங்கே தாசில்தாராக, ஆய்வாளராக, தொழிலாளர் அலுவலராக வந்தவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள், எந்த நாற்காலி எத்தனை நாள் காலியாக இருந்தது என்று அரசாணைகளிலிருந்தும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் தொகுத்துப் பாருங்கள். எட்டாவது ஊதியக் குழுவின் முன் ஒவ்வொரு பணியின் சங்கமும் தன் மனுவை வைக்கும். பீர்மேட்டில் காலியாகக் கிடந்த நாற்காலிக்காக மனு கொடுக்கச் சங்கம் இல்லை. அந்தத் தரவைத் திரட்டி முன்வைக்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களில் இருக்கும் நம்முடையது.